இனிப்பு நீர்க்காரிக்கு ஏற்றிய சீனி

எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து பதினோராம் நாள், என் வீட்டுக்காரர் என்னை ஒரு வேனின் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகும் வழியெல்லாம் நான் கத்தியிருக்கிறேன். வேன் ஓட்டியவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தாராம், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று.

இப்போது எழுந்து நடக்கிறேன், வேலைக்கும் போகிறேன். வலது கையில் பேனா மட்டும் இன்னும் நழுவுகிறது. இனிப்பு நீர் என்றதும் பயந்துபோய் நான் செய்த காரியத்தை வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

என் பெயர் புஷ்பம். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. குருபோங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் லைனில் உட்கார்ந்து சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வேலை. வீட்டுக்காரர் செல்வம், சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் காண்ட்ராக்டுக்குச் சாரம் கட்டுபவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஃபேக்டரியில் எல்லோருக்கும் ரத்தம் சோதித்தபோதுதான் எனக்குச் சீனி அதிகம் என்று தெரிந்தது. கிளினிக் டாக்டர் மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறை, இனிப்பைக் குறை என்றார்.

அவர் குறைக்கத்தான் சொன்னார். நான் நிறுத்திவிட்டேன்.

எங்கள் லைனில் ஒரு சீனப் பெண் இருந்தாள். அவள் புருஷனுக்கு இனிப்பு நீர் முற்றி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்திருந்தார்கள். அவள் அதை விவரமாக என்னிடம் சொல்லியிருந்தாள். அது மண்டைக்குள்ளேயே நின்றது. சோறு வேண்டாம், ரொட்டி வேண்டாம், பழம் வேண்டாம். அவித்த கங்கோங் கீரை, வெள்ளரிக்காய், வெறும் தண்ணீர், அதோடு மாத்திரை. ஐந்தாம் நாள் ஃபேக்டரி பஸ்ஸில் ஒருத்தி, “அக்கா, நல்லா மெலிஞ்சிட்டீங்க லா!” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏழாம் நாள் வயிறு இறுகிக்கொண்டது, வெளிக்குப் போகவில்லை. எட்டாம் நாள் வலி ஆரம்பித்தது. முதலில் தொப்புளைச் சுற்றி, பிறகு முதுகு, தொடை என்று பரவியது. வாந்தி நிற்கவில்லை. நெஞ்சு ஓடுகிற ஓட்டத்தில் காதுக்குள் டமடமவென்று சத்தம் கேட்டது. பத்தாம் நாள் நான் சமையலறைச் சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தேன். வேலை முடிந்து வந்த அவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னா புஷ்பம், என்னா செய்யிது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு வேனைக் கேட்டு வாங்கினார்.

அவசரப் பிரிவில் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். வலியில் உயிர் போகிறது, ஆனால் வயிறு பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடுதல், உப்பு குறைவு, ரத்த அழுத்தம் ஏறிக்கிடந்தது. இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சில சமயம் இப்படி வயிறு வலிக்கும் என்று ஒரு டாக்டர் சொன்னார். குடல் எங்கோ அடைத்திருக்கலாம் என்றார் இன்னொருவர். மூன்றாம் வகுப்பு வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் போட்டு உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள்.

வலிக்கு ஊசி போட்டால் ஒரு மணி நேரம் அடங்கும், மறுபடி கிளம்பும். வார்டில் யாரோ ஒருத்தி, “மஞ்ஜாலா இவங்க,” என்று மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. செல்லம் கொஞ்சுகிறேனாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான மலாய்க்கார அம்மாள்தான் அன்று முழுக்கக் கையை நீட்டி என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். என்னைத் தொட அவருக்குக் கை எட்டவில்லை.

இரண்டாம் நாள் காலை, வயிற்றைத் திறந்து பார்ப்பது என்று முடிவானது. செல்வம் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பச்சை அங்கி மாட்டி, தாலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். தள்ளுவண்டியில் ஏற்றி, லிஃப்ட் வாசல் வரைக்கும் போய்விட்டோம்.

“துங்கு டுலு! துங்கு டுலு!”

பொறுங்கள், பொறுங்கள் என்று மலாயில் கத்திக்கொண்டு ஒரு டாக்டர் நடைபாதையில் ஓடிவந்தார். அவர் பெயர் டாக்டர் சியோங், மருந்து வைத்தியப் பிரிவைச் சேர்ந்தவர். அவருக்குப் பின்னால் வார்டு நர்ஸ் சாந்தி மிஸ்ஸி, இரண்டு கையிலும் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களோடு.

அந்தப் பாட்டில்களில் இருந்தது என் சிறுநீர். ஒன்று அப்போதுதான் எடுத்தது, சாதாரண மஞ்சள் நிறம். மற்றது விடியற்காலையில் எடுத்து, சோதனைக்குக் கொண்டுபோக ஆள் வரும்வரை ஜன்னல் விளிம்பில் வைத்தது. மூன்று மணி நேரம் வெயில் பட்டதில் அது கறுஞ்சிவப்பான சிரப் தண்ணி நிறமாக மாறியிருந்தது.

“ஒரே ஆளோட தண்ணி டாக்டர். ஒரே காலையில எடுத்தது. எப்படி ரெண்டு கலரு?” என்று சாந்தி மிஸ்ஸி கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் டாக்டர் மாடி ஏறி ஓடிவந்தார். சர்ஜனும் அவரும் லிஃப்ட் வாசலில் நின்று ஆங்கிலத்தில் பேசினார்கள். என்னை வார்டுக்கே திருப்பினார்கள். பிறகு சிறுநீரில் ஏதோ ஒரு மருந்துச் சொட்டு விட்டார்கள். அது உடனே செக்கச்செவேலென்று ஆனது. டாக்டர் நீண்ட பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன்.

“இந்தம்மாவ அறுக்க வேணாம்,” என்று சாந்தி மிஸ்ஸி செல்வத்திடம் தமிழில் சொன்னார். “மயக்கத்துக்கு வழக்கமா ஒரு ஊசி போடுவாங்க. அது இவங்களுக்குப் போட்டிருந்தா மூச்சே நின்னு போயிருக்குமாம்.”

செல்வம் என் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்தில் புதிய பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதில் எழுதியிருந்ததை அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். குளுக்கோஸ். எழுந்து நின்று, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“மிஸ்ஸி, இவளுக்கு இனிப்பு நீரு! சீனித் தண்ணிய ஏத்துறீங்களே, கொல்லப் பாக்குறீங்களா?”

“அண்ணே, இதுதான் மருந்து.”

“எது மருந்து? சீனியா? பத்து நாளா ஒரு பருக்க சோறு திங்காம கெடந்தாளே, எதுக்கு? இந்த எழவு சீனி கூடிரும்னுதானே?”

சாந்தி மிஸ்ஸி அவர் கையைப் பிடித்தார். “அதனாலதாண்ணே இப்படி ஆனுச்சு,” என்றார்.

எனக்கு வலியில் பாதி நினைவுதான் இருந்தது. ஆனாலும் அந்த வார்த்தை தெளிவாகக் கேட்டது. எந்தச் சீனிக்குப் பயந்து ஓடினேனோ, அதை என் கை நரம்பில் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூடவே இன்சுலின் ஊசியும் போட்டார்கள், இனிப்பு நீரை அடக்க.

வலி உடனே நிற்கவில்லை. அடுத்த இரண்டு நாள் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. ஃபேன் இறக்கையிலிருந்து எறும்புகள் கயிறு மாதிரி இறங்கின. யாரையும் அடையாளம் தெரியவில்லை. கைகள் மணிக்கட்டோடு தொங்கிவிட்டன, ஒரு கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை, யாரோ துடைத்துவிட்ட மாதிரி எல்லாம் தெளிந்தது. செல்வம் பார்லித் தண்ணியில் சீனி போட்டுக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். இனிப்பைக் கொடுக்கிறோமே என்று ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் கை தயங்கியது.

டாக்டர் சியோங் அன்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார். அவர் மலாயில் சொல்லச் சொல்ல, எனக்குப் புரியாததை மிஸ்ஸி தமிழில் சொன்னார்.

ரத்தம் சிவப்பாக இருப்பதற்கு அதிலுள்ள ஒரு நிறப்பொருள் காரணம். உடம்பு அதை எட்டுப் படிகளில் செய்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. ஒன்று தன் வேலையை முடித்து அடுத்ததிடம் தள்ளும்.

“எங்க லைன் மாதிரியா?” என்று கேட்டேன்.

“அதே மாதிரிதான்,” என்றார்.

எனக்கு மூன்றாவது இடத்தில் இருக்கும் நொதிக்குப் பிறவியிலேயே பாதி பலம்தான். சாதாரண நாளில் அதுவே போதும், ஒன்றும் தெரியாது. ஆனால் லைனின் வேகத்தை முடிவு செய்வது முதல் நொதி. கல்லீரலில் அதை அடக்கி வைப்பவை, சாப்பாட்டிலிருந்து வருகிற சீனியும் உடம்பின் இன்சுலினும். பட்டினி கிடந்தால் அது கட்டு அவிழ்ந்து ஓடும். இனிப்பு நீரில் இன்னொரு கொடுமை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், ரத்தத்தில் சீனி நிறைந்திருக்கும்போதே கல்லீரல் தான் பட்டினி கிடப்பதாக நினைத்துக்கொள்ளுமாம். இனிப்பு நீர் இரண்டாவது நொதியையும் மந்தமாக்குகிறது என்கிறார்கள், அது இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை என்றார். எனக்கு இனிப்பு நீரும் இருந்தது, நானே இழுத்துப் போட்டுக்கொண்ட பட்டினியும் இருந்தது. போதாததற்கு நான் விழுங்கிய அந்த ரக மாத்திரையும் முதல் நொதியைத் தூண்டிவிடக்கூடியது. முன்னால் இருப்பவன் தள்ளுகிறான், மூன்றாவது ஆளால் முடியவில்லை, சாமான் குவிகிறது. குவிந்தது நரம்பைத் தாக்கும். வயிற்று வலி, கை விழுந்தது, புத்தி கலங்கியது எல்லாம் அதனால்தான். மிச்சம் சிறுநீரில் வந்து வெயில் பட்டால் சிவக்கும். நோயின் பெயர் போர்பைரியா.

“கிளினிக் டாக்டர் மேல தப்பில்ல,” என்றார். “உங்களுக்கு இது இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

பிறகு நோட்டைத் திறந்து கேட்டார். “இது குடும்பத்துல வர்றது. அம்மா, அப்பா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது இந்த மாதிரி வயிற்று வலி, புத்தி கலங்கறது, கை கால் விழறது இருந்துச்சா? யாராவது சின்ன வயசுல திடீர்னு செத்தாங்களா?”

“இல்லை,” என்றேன்.

டாக்டர் போனதும் செல்வம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “புத்தி கலங்கிக் கெடந்தப்ப நீ ஒண்ணையே சொல்லிட்டு இருந்த,” என்றார். “‘கதவத் தொறக்காதீங்க, சாமி திட்டும்’னு. எந்தக் கதவு புஷ்பம்?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கல்யாணமாகிப் பத்து வருஷம், அவரிடம் இதைச் சொன்னதே இல்லை. அக்கா காய்ச்சலில் செத்தாள் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

என் அக்கா கமலம். அலோர் காஜா பக்கம் நாங்கள் இருந்த எஸ்டேட்டில் வாழ்ந்து, அங்கேயே செத்தவள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, கைக்குழந்தை வாணிக்கு மூன்று மாதம். ஒருநாள் வயிற்று வலி என்று துடித்தாள். டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. பிறகு இல்லாததையெல்லாம் பார்த்தாள், குழந்தையையே தெரியவில்லை என்றாள், கை கால் துவண்டது. பேய் என்றார்கள் எல்லோரும். அக்கா புருஷன் மணியம் மாமா, எல்லோரும் சாமி என்று கூப்பிடும் ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார். மூன்று நாள் அன்னம் ஆகாரம் கொடுக்கக் கூடாது, வயிறு காய்ந்தால் பேய் தானாக இறங்கிவிடும் என்றார் அவர். அக்காவை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வாசலில் காவலுக்கு என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு வயது பதினான்கு.

இரண்டாம் நாள் மதியம் அக்கா தெளிவாகத்தான் பேசினாள். கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் கிடந்துகொண்டு, “புஷ்பம், கொஞ்சம் தேத்தண்ணி குடுடி. சீனி போட்டு,” என்றாள். பேய்தான் இப்படி நயமாகக் கேட்கும் என்று பூசாரி முன்பே சொல்லியிருந்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் அவளால் மூச்சு விட முடியவில்லை.

சாவு முடிந்ததும் மாமா, “ஒங்க குடும்பத்துல பேய் இருக்கு,” என்று எங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தஞ்சோங் கிளிங்கில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போனவர்தான். எங்கள் வீட்டோடு பேச்சு நின்றது. அப்பாவும் அம்மாவும் அதே ஏக்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாணிக்குப் பத்தொன்பது வயது. தஞ்சோங் கிளிங்கில் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் பஸ்ஸில் என்னைப் பார்த்து, “நீங்க புஷ்பம் சித்திதானே?” என்று தானாக வந்து பேசியவள். அப்பாவுக்குத் தெரியாமல் அவ்வப்போது பார்ப்பாள். செல்வம்தான் ஹோட்டலுக்குப் போன் போட்டு அவளுக்குச் சொல்லியிருக்கிறார். நான் படுத்த ஐந்தாம் நாள், பார்வையாளர் நேரத்தில், சலவைக்கார யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

சிக்குப் பிடித்த என் தலையை வாரிவிட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மடங்கிக் கிடந்த என் விரல்களை மிஸ்ஸி காட்டிக் கொடுத்த மாதிரி ஒவ்வொன்றாக நீட்டிவிட்டாள். அந்தக் கை என் அக்காவின் கை மாதிரியே இருந்தது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, பேய் இல்லை என்பது, சீனிதான் மருந்து என்பது.

“உங்கம்மா தேத்தண்ணி கேட்டா வாணி. நாந்தான் குடுக்கல.”

செல்வம் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் அன்றுதான் தெரியும்.

வாணி என் விரலை விடவில்லை. ஆனால் நீட்டுவதை நிறுத்திவிட்டாள். “ஒங்களுக்கு அப்ப எத்தன வயசு?” என்று கேட்டாள்.

“பதினாலு.”

“ம்.”

மணி அடிக்கும் முன்பே எழுந்து போய்விட்டாள். அடுத்த நான்கு நாள் வரவில்லை. அந்த நான்கு நாளும் எனக்கு வயிற்று வலி இல்லை, எழுந்து உட்காரவும் முடிந்தது. ஆனால் அதைவிட மோசமான நாட்கள் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு இருந்ததில்லை. டாக்டர் வந்தபோது, முன்பு சொன்னது பொய் என்று சொல்லி, அக்காவைப் பற்றி முழுவதும் சொன்னேன். அவர் நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். அந்தப் பெண்ணின் பிள்ளை எங்கே என்றார். பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, உடனே சோதிக்க வேண்டும் என்றார்.

ஐந்தாம் நாள் வாணி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“சித்தி, எனக்கு ரெண்டு எடத்துல மாப்பிள்ள பாத்தாங்க. பைத்தியக்காரி மகள்னு சொல்லி ரெண்டும் நின்னு போச்சு. இவ்ளோ நாளா நானும் அம்மாவப் பைத்தியம்னுதான் நெனச்சேன். அந்த டாக்டருகிட்ட என்னையும் காட்டுங்க.”

அவள் ரத்தத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். நான் வீட்டுக்கு வந்து, இன்சுலின் போட்டுக்கொள்ளவும், நேரத்துக்கு அளவாகச் சோறு சாப்பிடவும் பழகி, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் முடிவு வந்தது. அவளுக்கும் மூன்றாவது நொதி பாதிதான். எனக்குத் தலை சுற்றியது. அவள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் பண்ணலாமா, பிள்ளை பெறலாமா, விரதம் இருக்கலாமா என்று டாக்டரிடம் வரிசையாகக் கேட்டாள். பண்ணலாம், கவனமாகப் பெறலாம், விரதம் மட்டும் கூடவே கூடாது என்றார். எந்த மருந்தும் கேட்காமல் விழுங்காதே, வயிற்று வலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்லி, நோயின் பெயரையும் ஆகாத மருந்துகளையும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

“அப்பாகிட்ட சொல்லணும்,” என்றாள் வெளியே வந்ததும். “நீங்களும் வாங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை செல்வம் என்னைத் தஞ்சோங் கிளிங்குக்குக் கூட்டிப்போனார். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் பலகை வீடு. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு மணியம் மாமாவைப் பார்க்கிறேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனால் நான் நிற்க முடியாமல் ஆடுவதைப் பார்த்து நாற்காலியைத் தள்ளிவைத்தார்.

வாணி அட்டையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நான் விழுந்தது, சீனித் தண்ணீர் ஏற்றியது, தன் ரத்தத்தில் இருப்பது. குறுக்கே பேசாமல் கேட்டார். அட்டையை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பெயரை வாசிக்க முயன்று விட்டுவிட்டார்.

“பேயி இல்லையா?” என்றார் என்னிடம்.

“இல்ல மாமா.”

“பட்டினி போட்டா எறங்கும்னாரு அந்தாளு. நாந்தானே பூட்டுப் போட்டேன்.” அட்டையை வாணியிடம் திருப்பிக் கொடுத்தார். “சோறு குடுத்திருந்தா?”

டாக்டரிடம் நானும் இதைக் கேட்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். “பொழச்சிருக்கலாம்னாரு. உறுதியா சொல்ல முடியாதுன்னாரு.”

மாமா அழவில்லை. தன் இரண்டு கைகளையும் முதன்முறையாகப் பார்ப்பவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தேத்தண்ணி விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

திடீரென்று நிமிர்ந்து வாணியைப் பார்த்தார். அவர் கண்ணில் பயம் தெரிந்தது.

“நீ இன்னும் பசியாறல இல்ல?”

“இல்லப்பா. அப்பறம் சாப்பிடறேன்.”

“இப்ப சாப்பிடு,” என்றார். எழுந்து உள்ளே போய், பானையில் இருந்த சோற்றைத் தட்டு நிறையப் போட்டு, குழம்பு ஊற்றி எடுத்துவந்தார். வாணி தரையில் உட்கார்ந்தாள். அவரும் எதிரே உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், கடைசிப் பருக்கை வரைக்கும்.